நாய் நாள்கள்: கோடை வெயிலும் வெறிநாய் அச்சமும்

நாய் நாள்கள் என்பது ஆண்டின் மிகக் கடுமையான வெப்பகாலத்தைக் குறிக்க ஐரோப்பிய மரபில் வழங்கிவரும் பெயர். ஆங்கிலப் பஞ்சாங்கங்கள் இக்காலத்தை ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 11 வரை என்று கணக்கிடுகின்றன. இந்த நாள்களில்தான் நாய்களுக்கு வெறி பிடிக்கும் என்ற நம்பிக்கை கிரேக்க, ரோமானியக் காலத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை உயிரோடு இருந்தது. பல நகரங்களில் அது சட்டமாகவும் ஆனது. வெயில் ஏறத் தொடங்கியதும் தெருநாய்களைக் கொல்லவும், வீட்டு நாய்களின் வாயைக் கட்டவும் ஆணைகள் பிறந்தன. கோடையில் வளர்ப்பு நாயை எப்படிப் பாதுகாப்பது என்று இன்று இயல்பாகக் கேட்கப்படும் கேள்விக்கு வயது அதிகமில்லை. அதற்கு முன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் கேட்கப்பட்டது, கோடையில் நாயிடமிருந்து மனிதனை எப்படிப் பாதுகாப்பது என்பதுதான்.

விண்மீனும் வெயிலும்

இரவு வானில் மிகப் பிரகாசமாகத் தெரியும் விண்மீன் சிரியஸ். கிரேக்கர்கள் இதை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் நாயாகக் கற்பனை செய்தனர். வடமொழி மரபிலும் இவ்விண்மீன் வேட்டையோடு தொடர்புடையதே. அங்கே இதன் பெயர் மிருகவியாதன், அதாவது மானைத் துரத்தும் வேடன். சிரியஸ் சில வாரங்கள் சூரிய ஒளியில் மறைந்திருந்து, பிறகு விடியலுக்குச் சற்று முன் கீழ்வானில் மீண்டும் தோன்றும். மத்தியதரைக் கடல் நாடுகளில் பழங்காலத்தில் இந்தத் தோற்றம் ஜூலை மாதக் கடும் வெயிலோடு ஒத்துவந்தது. எகிப்தியர்களுக்கு இதே தோற்றம் நைல் நதியில் வெள்ளம் வரப்போவதன் அறிகுறி, ஆகவே மங்கலமானது. கிரேக்கர்களுக்கோ அது காய்ச்சலையும் வறட்சியையும் கொண்டுவருவது. ஹோமரின் இலியத் காவியத்தில் டிராய் நகரை நோக்கிப் பாய்ந்துவரும் அகிலிஸ் இந்த விண்மீனோடுதான் ஒப்பிடப்படுகிறான்.

சூரியனின் வெப்பத்தோடு நாய் விண்மீனின் வெப்பமும் சேர்ந்துகொள்வதால்தான் அந்த நாள்கள் கொதிக்கின்றன என்பது பொதுவான எண்ணம். இதை அன்றே மறுத்தவரும் உண்டு. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் கிரேக்க வானியலாளர் கெமினஸ், சிரியஸ் வெப்பத்தின் காரணம் அல்ல, வெப்பம் வரும் காலத்தைக் காட்டும் அடையாளம் மட்டுமே என்று எழுதினார். அவர் சொன்னது எடுபடவில்லை. லத்தீனில் குட்டி நாய் என்று பொருள்படும் கனிகுலா என்ற சொல் விண்மீனுக்கும் வெயில் காலத்துக்கும் பெயராக நிலைத்தது. பிரெஞ்சு மொழியில் வெப்ப அலையை இன்றும் கனிக்யூல் என்றே சொல்கிறார்கள். ரஷ்ய மாணவர்கள் விடுமுறைக்கு வழங்கும் கனீகுலி என்ற சொல்லும் இதே நாய்க்குட்டியிடமிருந்து வந்ததுதான்.

தமிழ் வாசகருக்கு இந்தச் சிந்தனை அந்நியமானதல்ல. மே மாதத் தொடக்கம் முதல் அதன் இறுதி வாரம் வரை நீடிக்கும் அக்னி நட்சத்திரம், அதாவது கத்திரி வெயில், சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிச் செல்லும் காலமாகவே பஞ்சாங்கத்தில் குறிக்கப்படுகிறது. கார்த்திகையின் தேவதை அக்னி. அங்கும் வெயிலின் மேல் ஒரு விண்மீனின் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் அந்தப் பெயரில் நாய் இல்லை. வெப்பமும் வெறியும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டது ஐரோப்பாவில்தான். காலனிய ஆட்சியோடு அந்த இணைப்பு இந்தியாவுக்கும் கப்பலேறியது.

ரோமானிய எழுத்தாளர் பிளினி, சிரியஸ் எழும் காலத்தில் நாய்கள் வெறிபிடிக்கும் ஆபத்து மிகுதி என்பதை ஐயத்துக்கு இடமற்ற செய்தியாகவே எழுதிவைத்தார். அந்த முப்பது நாள்களும் நாயின் உணவில் கோழி எச்சத்தைக் கலந்து கொடுக்கவேண்டும் என்பது அவர் தந்த முற்காப்பு. நாயின் நாக்கில் ஒரு புழு இருக்கிறது, குட்டியாக இருக்கும்போதே அதை எடுத்துவிட்டால் வெறி வராது என்றும் குறிப்பிட்டார். நாக்கின் அடியில் இருப்பது புழுவல்ல, நாக்கு அசைவதற்கு உதவும் ஒரு நார்த்திசு. ஆனாலும் நாய்க்குட்டிகளின் நாக்கை அறுத்துப் புழு எடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டுவரை தொடர்ந்தது. வெயிலுக்கு எதிராக நாய்க்கு இருக்கும் ஒரே பெரிய கருவியில் கத்தியை வைத்தார்கள் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

இரைப்பும் வெறியும்

மனிதன் உடல் முழுவதும் வியர்க்கிறான். நாய்க்கு அவ்வாறான வியர்வைச் சுரப்பிகள் பாதத்தின் அடிப்பஞ்சில் மட்டுமே உள்ளன. உடலைக் குளிர்விக்க அவை போதாது. நாய் தன் வெப்பத்தை மூச்சின் வழியாகவே வெளியேற்றுகிறது. ஓய்வில் நிமிடத்துக்கு 15 முதல் 30 முறை மூச்சுவிடும் நாய், வெயிலில் நிமிடத்துக்கு முந்நூறு முறைக்கு மேலும் இரைக்கக்கூடும். ஈரமான மூக்கு, வாய், நாக்கு ஆகியவற்றின்மேல் காற்று வேகமாகச் செல்லும்போது ஈரம் ஆவியாகி இரத்தம் குளிர்கிறது. இதில் பெரும்பங்கு ஆற்றுவது, பார்ப்பவர் கண்ணில் படும் நாக்கு அல்ல, மூக்கின் உட்புறம். அங்கே தேவையான ஈரத்தைச் சுரப்பதற்கென்றே ஒரு சுரப்பி இருப்பதை 1970களில் உடலியல் ஆய்வாளர்கள் காட்டினர்.

இந்தச் செயல்முறை எதுவும் தெரியாத ஒருவர், நண்பகலில் ஒரு தெருநாயைப் பார்ப்பதாகக் கொள்ளலாம். நாக்கு தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது, கண் சிவந்திருக்கிறது. வெப்பம் இன்னும் ஏறினால் கால்கள் தடுமாறும், நாய் திசை தெரியாமல் நடக்கும், விழுந்து வலிப்பு வரும். வெறிநாயின் அடையாளங்களாகப் பழைய நூல்கள் பட்டியலிட்டவையும் ஏறக்குறைய இவையே. கோடையில் வெறிநாய் என்று அடித்துக் கொல்லப்பட்டவற்றில் எத்தனை உண்மையில் ரேபிஸ் நோயுற்றவை, எத்தனை வெயிலில் மயங்கியவை என்று இனி யாரும் கணக்கிட முடியாது. இரண்டாம் வகையே மிகுதியாக இருந்திருக்கும் என்று கருதுவதற்கு இடமுண்டு.

குழப்பத்தை வளர்த்த இன்னொன்று நீர்வெறுப்பு. ரேபிஸ் முற்றிய மனிதனால் தண்ணீரை விழுங்க முடியாது. தண்ணீரைக் கண்டாலே தொண்டைத் தசைகள் இறுகும். சுஸ்ருத சம்ஹிதையின் கல்பஸ்தானம் இதை ஜலத்ராசம் என்ற பெயரில் விவரிக்கிறது. மனிதனிடம் தெரிந்த இந்த அறிகுறியை ஐரோப்பியர் நாய்க்கும் பொருத்தினர். தண்ணீர் குடிக்காத நாய் வெறிநாய் என்ற முடிவுக்கு வந்தவர்கள், தண்ணீர் கிடைக்காத நாய் வெறிநாயாகும் என்பதற்கும் எளிதில் வந்துசேர்ந்தார்கள். தாகமும் வெப்பமும் சேர்ந்தால் நாயின் உடலுக்குள் நோய் தானாகவே பிறக்கும் என்பதே 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை படித்தவர்களிடமும் பரவலாக இருந்த கொள்கை. லண்டன் கால்நடை மருத்துவர் வில்லியம் யூவாட் இதை மறுத்தார். வெறிநாய் தண்ணீருக்கு அஞ்சுவதில்லை, தாகத்தோடு குடிக்கவே முயல்கிறது என்பதை அவர் தம் அனுபவத்திலிருந்து எழுதினார். கடியின் மூலம் மட்டுமே நோய் பரவுகிறது என்பதிலும் உறுதியாக இருந்தார். நோயுற்ற நாயின் உமிழ்நீரிலிருந்து நோய் தொற்றும் என்பதை ஜெர்மானியரான கியோர்க் சிங்கே 1804ஆம் ஆண்டிலேயே சோதனை செய்து காட்டியிருந்தார். அறிவு கையில் இருந்தும் அச்சம் அசையவில்லை. 1760இல் லண்டனில் எழுந்த வெறிநாய்ப் பீதியை ஆலிவர் கோல்ட்ஸ்மித் ஒரு தொற்றுநோயாகவே வருணித்துக் கேலி செய்தார். அந்தக் கேலி அதற்குப் பிந்தைய நூறாண்டுக்கும் பொருந்தியது.

பம்பாய், 1832

கோடைநாய் அச்சத்தின் விளைவுகளில் இந்திய வரலாற்றில் தெளிவாகப் பதிந்தது பம்பாயில் நடந்த கலகம். கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி 1813இல் அங்கே ஒரு விதியை ஏற்படுத்தியது. ஏப்ரல் 15 முதல் மே 15 வரையும், செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரையும் தெருவில் திரியும் நாய்களைக் கொல்லலாம் என்பது அந்த விதி. இந்த இரண்டு காலங்களும் பம்பாயில் மழைக்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு வெப்பகாலங்களே. நாய் நாள்கள் என்ற ஐரோப்பியக் கருத்து ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்பத் திருத்தி எழுதப்பட்டது என்று இதைச் சொல்லலாம். கொன்ற நாய் ஒன்றுக்கு எட்டணா சன்மானம். கூலி வேலை செய்பவருக்கு அது பெருந்தொகை. எனவே தெருவில் நாய் குறைந்தால், வாசலில் படுத்திருக்கும் நாயும் வீட்டுக்குள் இருக்கும் நாயும் இழுத்துச் செல்லப்பட்டன.

1832ஆம் ஆண்டு காவல்துறை நடுவர் கோடைக்காலக் கெடுவை ஜூன் 15 வரை நீட்டினார். நகரின் செல்வாக்கு மிக்க சமூகமான பார்சிகள் இதனால் கொதித்தனர். ஜரதுஷ்டிர சமயத்தில் நாய்க்குத் தனியிடம் உண்டு. இறந்தவரின் உடலை நாயைக் கொண்டு பார்க்கச் செய்யும் சக்தீத் என்னும் சடங்கு அவர்களது ஈமக்கிரியையில் இடம்பெறுவது. வீட்டு வாசலில் உணவிடப்படும் நாய் அவர்கள் கணக்கில் உரிமையாளர் இல்லாத நாய் அல்ல. ஆனால் கம்பெனியின் விதிக்குக் கழுத்தில் பட்டையோ கையில் கயிறோ இல்லாத நாய் எல்லாம் ஒன்றுதான்.

ஜூன் 6 அன்று, பார்சிகளுக்கு ஒரு புனித நாளாகவும் அமைந்த அந்த நாளில், நாய் பிடிக்க வந்தவர்களைக் கூட்டம் தாக்கியது. மறுநாள் கடைகள் அடைக்கப்பட்டன. பார்சிகளோடு இந்துக்களும் சமணர்களும் முஸ்லிம்களும் கூடச் சேர்ந்துகொண்டார்கள். கோட்டைப் பகுதியில் வணிகம் நின்றது; படையினருக்குச் செல்லவேண்டிய ரொட்டி, இறைச்சி, தண்ணீர் விநியோகம் தடைபட்டது. பிரிட்டிஷ் பம்பாயில் கடையடைப்பு ஓர் அரசியல் கருவியாகப் பயன்பட்ட தொடக்ககால நிகழ்ச்சிகளில் இது ஒன்று. அதற்குக் காரணமாக அமைந்தது வரியோ நிலமோ அல்ல, தெருநாய். படை வந்து கூட்டத்தைக் கலைத்தது, பலர் கைதானார்கள். பார்சிப் பெருவணிகரான ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் உள்ளிட்ட முன்னணியினர் ஒருபுறம் கலகத்திலிருந்து தங்களை விலக்கிக்கொண்டனர், மறுபுறம் கைதானவர்களுக்காகவும் நாய்களுக்காகவும் அரசிடம் பரிந்து பேசினர்.

நாய்களைக் கொல்லாமல் வேறிடம் கொண்டுபோகலாம் என்ற கோரிக்கையிலிருந்து ஒரு நிறுவனமும் பிறந்தது. ஜீஜீபாயும் குஜராத்தி வணிகரான மோதிசந்த் அமிசந்தும் 1834இல் பம்பாய் பாஞ்சராப்போலை நிறுவினர். இன்று அங்கே பெரும்பாலும் மாடுகளே இருப்பதால் அது பசுமடம் என்றே அறியப்படுகிறது. தொடக்கத்தில் அது கோடைக் கொலையிலிருந்து தப்பிய நாய்களுக்காக எழுந்த அடைக்கலம் என்பதைப் பலர் அறிவதில்லை.

இந்த விதி பம்பாய்க்கு மட்டுமே உரிய கொடுமையாக இருக்கவில்லை. நியூயார்க்கில் 19ஆம் நூற்றாண்டில் கோடை மாதங்களில் நகராட்சியின் நாய்க் கொட்டடி திறக்கப்படும். பிடித்துவருவோருக்குக் காசு கொடுக்கப்படும். அந்தக் காசுக்காகச் சிறுவர்கள் வீட்டு நாய்களைத் திருடிக் கொண்டுவந்தது அங்கும் நடந்தது. உரிமை கோரப்படாத நாய்களை இரும்புக் கூண்டில் அடைத்து ஈஸ்ட் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். குளிர்காலத்தில் கொட்டடி மூடிக் கிடக்கும். வெறி கோடைக்கு உரியது என்பதில் நகராட்சிக்கு ஐயம் இல்லை.

வாய்ப்பூட்டு

கொல்வதற்கு மாற்றாகக் கண்டுபிடிக்கப்பட்ட வழி, நாயின் வாயைக் கட்டுவது. பாரிஸ், பெர்லின், லண்டன், நியூயார்க் என எல்லாப் பெருநகரங்களிலும் இதற்கான ஆணைகள் அவ்வப்போது வந்தன. பெரும்பாலான ஆணைகள் வெயில் காலத்தில்தான் வந்தன. வாய்ப்பூட்டு இரண்டு வகை. ஒன்று, மூஞ்சியைச் சுற்றி இறுக்கும் தோல்வார். மற்றது, வாய்க்கு முன்னால் இடம் விட்டுப் பொருத்தும் கம்பிக்கூடு. கம்பிக்கூட்டுக்குள் நாய் வாய் திறக்கலாம், இரைக்கலாம், கொஞ்சம் தண்ணீரும் குடிக்கலாம். தோல்வாரில் இவை எதுவும் முடியாது. விலை மலிவு என்பதால் பலர் வாங்கியது தோல்வார்தான். ஜூலை வெயிலில் வாய் இறுகக் கட்டப்பட்ட நாயால் உடல் வெப்பத்தை வெளியேற்ற முடியாது. அது முதலில் பரபரக்கும், பிறகு மூர்க்கமாகும், பிறகு விழும். வெறி வராமல் தடுப்பதற்கான கருவியே, பார்ப்பவர்கள் வெறி என்று நினைத்த தோற்றத்தை உண்டாக்கியது.

இதை எதிர்த்தவர்களில் 1866இல் அமெரிக்க விலங்கு வதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவிய ஹென்றி பெர்க் குறிப்பிடத்தக்கவர். இங்கிலாந்தில் 1891இல் தொடங்கப்பட்ட தேசிய நாய்ப் பாதுகாப்பு லீக்கும் (இன்றைய டாக்ஸ் டிரஸ்ட்) வாய்ப்பூட்டுச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தது. கால்நடை மருத்துவர் ஜார்ஜ் ஃப்ளெமிங் 1872இல் வெளியிட்ட ரேபிஸ் பற்றிய பெருநூலில், இந்நோய் எல்லா மாதங்களிலும் வருகிறது, கோடைக்கு மட்டும் உரியதன்று என்பதைப் பல நாட்டுப் பதிவுகளைக் கொண்டு நிறுவினார். வெயிலுக்கும் வெறிக்கும் தொடர்பில்லை என்றால் கோடை வாய்ப்பூட்டுக்கும் நியாயமில்லை என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

அந்த வாதத்தின் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி முழுவதும் சரியல்ல. நோய் கடியால் மட்டுமே பரவுமானால், எல்லா நாய்களின் வாயையும் எல்லா மாதங்களிலும் கட்டிவைத்தால் நோய்ச்சங்கிலி அறுபடும். 1897 முதல் பிரிட்டிஷ் வேளாண் வாரியத் தலைவர் வால்டர் லாங் அதைத்தான் செய்தார். நோய் கண்ட பகுதிகளில் ஆண்டு முழுவதும் வாய்ப்பூட்டு, வெளிநாட்டிலிருந்து வரும் நாய்களுக்குத் தனிமைக் காவல் என்று இரண்டையும் விடாப்பிடியாக நடைமுறைப்படுத்தினார். நாய்ப் பிரியர்களின் வசைக்கு அவரளவு ஆளான அமைச்சர் அந்நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. 1902இல் பிரிட்டன் ரேபிஸ் அற்ற நாடானது. முதல் உலகப்போர் முடிந்தபோது திருட்டுத்தனமாக உள்ளே வந்த நாய்களால் 1918இல் நோய் திரும்பியது, 1922இல் மீண்டும் ஒழிக்கப்பட்டது. இரண்டு முறையும் வென்றது விண்மீன் கணக்கு அல்ல, கடி பற்றிய கணக்கு. நாய்களும் அதற்கு விலை கொடுத்தன.

தவறான கொள்கையிலிருந்து ஒரு நன்மையும் விளைந்தது. தாகமே வெறிக்குக் காரணம் என்று நம்பியவர்கள், தெருவில் நாய்களுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்கள். லண்டனில் 1859இல் தொடங்கிய இலவசக் குடிநீர் ஊற்றுச் சங்கம், மனிதர்களுக்குக் காலரா இல்லாத நீர் தருவதை நோக்கமாகக் கொண்டது. 1867இல் அது தன் பெயரில் கால்நடைத் தொட்டியையும் சேர்த்துக்கொண்டது. அது அமைத்த கருங்கல் தொட்டிகள் பலவற்றில் மேலே குதிரைக்கும் மாட்டுக்கும் நீர் நிற்கும். கீழே, தரையை ஒட்டி, நாய்க்கும் ஆட்டுக்கும் ஒரு சிறு தொட்டி இருக்கும். ஒரு தொட்டி வைப்பதால் ரேபிஸ் ஒன்றுகூடக் குறைந்திருக்காது. வெயிலில் விழும் நாய்கள் நிச்சயம் குறைந்திருக்கும்.

பாரிஸிலிருந்து குன்னூருக்கு

ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் ரேபிஸ் தடுப்பூசியைச் செலுத்தத் தொடங்கிய நாள் 1885 ஜூலை 6. பஞ்சாங்கப்படி அது நாய் நாள்களுக்குள் வருவது ஒரு தற்செயல். சிறுவன் பிழைத்தான். அடுத்த சில ஆண்டுகளில் கடிபட்டவர்கள் பல நாடுகளிலிருந்து பாரிஸுக்குப் பயணமானார்கள். இந்தியாவிலிருந்து சென்றவர்கள் வசதி படைத்த சிலர் மட்டுமே. 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. தென்னிந்தியாவிலிருந்து கசௌலி செல்லப் பல நாள் ரயிலேற வேண்டும், நோயோ காத்திருக்காது. 1902இல் தென்னிந்தியாவில் ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய்க்கடியால் இறந்தது, தெற்கிலும் ஒரு நிறுவனம் தேவை என்ற கோரிக்கைக்கு வலுவூட்டியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி ஃபிப்ஸ் இந்தியாவுக்கு அளித்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டு, 1907 ஏப்ரலில் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்திய பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. அது இன்றும் தடுப்பூசி தயாரிப்பில் ஈடுபட்டுள்ளது.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய தடுப்பூசி ஆட்டின் மூளைத்திசுவிலிருந்து எடுக்கப்பட்டது. தமிழகத்தில் ஒரு தலைமுறையே நடுங்கிய, தொப்புளைச் சுற்றிப் போடும் பதினான்கு ஊசி என்பது இதுதான். இந்தியா இதை 2005ஆம் ஆண்டு வாக்கில்தான் முற்றாகக் கைவிட்டது.

தடுப்பூசி வந்ததால் மனிதனின் அச்சம் குறையவேண்டியிருந்தது. நாயின் நிலைமை உடனே மாறிவிடவில்லை. சென்னையில் 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் தொடங்கிய பிடித்துக் கொல்லும் முறை, விடுதலைக்குப் பின்னும் மாநகராட்சியின் வழக்கமான பணியாகவே தொடர்ந்தது. பிற்காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். கேப்டன் வி. சுந்தரம் 1959இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1964 முதல் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடும் முறையை வலியுறுத்தியது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆயிற்று. இம்முறை 2001இல் நாடு முழுவதுக்குமான விதியாயிற்று. 2023இல் அவ்விதிகள் புதுப்பிக்கப்பட்டன.

வெயில் என்னும் நோய்

ரேபிஸும் வெயிலும் பிரிந்த பிறகுதான் வெயில் தன்னளவில் நாய்க்கு ஒரு நோய்க்காரணம் என்பது கண்ணில் பட்டது. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். 41ஐத் தாண்டினால் குடல், சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகப் பழுதாகத் தொடங்கும். கார்கள் பெருகிய பிறகு பூட்டிய காருக்குள் நாய் இறப்பது செய்தியாயிற்று. கலிபோர்னியாவில் செய்யப்பட்டு 2005இல் வெளியான ஓர் ஆய்வு, வெளியே 22 டிகிரி மட்டுமே இருக்கும் இதமான நாளில்கூட, வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெப்பம் 47 டிகிரிவரை போகும் என்று காட்டியது. கண்ணாடியைச் சிறிது இறக்கிவைப்பதால் பயன் ஏதுமில்லை என்பதும் அதில் தெரிந்தது.

ஆனால் கார் மட்டுமே குற்றவாளி அல்ல. பிரிட்டனின் அரச கால்நடை மருத்துவக் கல்லூரியோடு இணைந்து 2020இல் வெளியான, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த ஆய்வில், வெப்பத்தாக்குக்கு ஆளானவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நடை, ஓட்டம், விளையாட்டு ஆகியவற்றால் பாதிக்கப்பட்டவை. காரில் விடப்பட்டவை இருபதில் ஒன்று. வெயில் ஏறிய பிறகு நாயை நடக்க அழைத்துச் செல்லும் உரிமையாளரின் அன்பே பெரும்பாலும் காரணம். தமிழ்நாட்டின் தார்ச்சாலையில் காலை ஒன்பது மணிக்கே உள்ளங்கையைச் சில நொடிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. நாய்க்குக் காலில் செருப்பில்லை.

சிகிச்சையிலும் ஒரு பழைய நம்பிக்கை கைவிடப்பட்டிருக்கிறது. வெப்பத்தால் விழுந்த நாயின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றக்கூடாது, இரத்தக்குழாய் சுருங்கி வெப்பம் உள்ளேயே தங்கிவிடும் என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. முதலில் குளிர்விப்பது, பிறகு மருத்துவரிடம் கொண்டுபோவது என்பதே இன்றைய வழிகாட்டல். இளம் நாயாக இருந்தால் குளிர்ந்த நீரில் தலை மட்டும் வெளியே இருக்குமாறு அமிழ்த்தலாம். வயதான நாயாக இருந்தால் நீரை ஊற்றி விசிறவேண்டும். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடுவது தவறு. சற்று நேரத்தில் துணியே சூடாகி வெப்பத்தை அடைத்துவைக்கும்.

பழைய அச்சத்தில் ஒரு துளி உண்மை இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்காவின் எட்டு நகரங்களில் பதிவான சுமார் 70,000 நாய்க்கடிகளை ஆராய்ந்து 2023இல் வெளியான கட்டுரை, வெப்பம் மிகுந்த நாள்களில் கடிகள் 4 விழுக்காடு கூடுதல் என்றது. எரிச்சலுற்றது நாயா, மனிதனா, இருவருமா என்பதை அந்த எண்ணிக்கை பிரித்துச் சொல்லவில்லை. கடிப்பதும் வெறி பிடிப்பதும் வேறு வேறு என்பதில் மட்டும் குழப்பமில்லை.

தமிழ்நாட்டின் நாட்டு இனங்கள் இந்த வெயிலில் உருவானவை. சிப்பிப்பாறை, கன்னி, இராஜபாளையம் ஆகியவற்றின் குட்டை மயிரும் ஒல்லி உடலும் நீண்ட மூஞ்சியும் வெப்பத்தை வெளியேற்ற ஏற்றவை. நகரங்களில் மாடிக் குடியிருப்புகள் பெருகியபோது வளர்ப்பவர்களின் விருப்பம் வேறு பக்கம் சென்றது. பனியில் வண்டியிழுக்கும் நாய்களும் முகம் தட்டையான நாய்களும் சென்னைக்கு வந்தன. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, இந்தத் தட்பவெப்பத்துக்குப் பொருந்தாதவை என்று 11 அயல் இனங்களைப் பட்டியலிட்டு அவற்றை இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை விதித்தது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட், திபெத்திய மாஸ்டிஃப் போன்ற அடர்மயிர் நாய்களோடு, குட்டை மயிர் கொண்ட பக்கும் பிரெஞ்சு புல்டாகும் அப்பட்டியலில் இருந்தன. இவ்விரண்டுக்கும் மயிர் ஒரு பொருட்டல்ல. காற்றைக் குளிர்விக்கப் போதுமான நீளத்துக்கு மூக்கு இல்லை.